முதல் அடுக்கின் நடுப்பட்டை

கறுப்பு பெயின்ட் பாட்டில் பறந்து வந்து புருவத்துக்கு மேலே பட்டபோது, முதலில் அவளுக்கு வலி தெரியவில்லை. தரையெல்லாம் தெறித்த பெயின்ட்தான் தெரிந்தது. துடைக்கத் துணி எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் கண்ணுக்குள் சூடாக ஏதோ இறங்கியது.

"சரி" என்றார் கணவர்.

சக்கர நாற்காலியில் அவர் நடுங்கிக்கொண்டிருந்தார். எறிந்த இடது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"சரி, சரி, சரி."

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் பேச்சையும் வாரிச் சுருட்டிக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் சிந்திவிட்டுப் போயிருந்தது. பசி என்றாலும் அதுதான், தூக்கம் என்றாலும் அதுதான். ஆஸ்பத்திரியில் மாட்டுப் படத்தைக் காட்டி, "இது நாற்காலியா சார்?" என்று கேட்டார்கள். "சரி" என்றார். நாற்காலிப் படத்தைக் காட்டி, "இது மீனா?" என்றார்கள். அதற்கும் சரி.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவைகூடச் சரின்னு சொன்னதில்லை. இப்ப வட்டியும் முதலுமாச் சேர்த்துச் சொல்றார்" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் அவள் சொல்லிச் சிரித்தாள்.

அப்போது சிரிக்க முடிந்தது.

தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பதுதான் தொழில். எதிரில் இருப்பவர் ஒருமுறை சிரித்தால் போதும், எது பிறவிப் பல், எது தான் செய்த பல் என்று சொல்லிவிடுவார். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று தெரிந்த கண் அது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மாடல் கட்டுவார். கப்பல், விமானம், ரயில் என்று அலமாரி நிறைய நின்றன. கடைசியாக எடுத்தது ராக்கெட். நிலாவில் முதன்முதலாக மனிதர்கள் இறங்கிய பயணத்துக்கான ராக்கெட். நிஜத்தின் தொண்ணூற்றாறில் ஒரு பங்குதான், ஆனாலும் நிறுத்தி வைத்தால் அவள் நெஞ்சு வரை வரும். மூன்று அடுக்குகளையும் ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடி முதல் நுனி வரை வெள்ளை அடித்து முடித்திருந்தார். கறுப்புக் கட்டங்களும் நெட்டுக்குத்தான சிவப்பு எழுத்துகளும் சில்லறைப் பாகங்களும் பாக்கி. அந்த நேரத்தில்தான் விழுந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் யோசனை சொன்னாள். "சாருக்குப் பிடிச்ச வேலை எதுவோ, அதை அவர் கண் முன்னாடி செய்ங்கம்மா. தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்லை."

அவள் திரைச்சீலை தைப்பவள். பத்தடி நீள விளிம்பை அளவுகோல் இல்லாமல் நேராக மடிப்பவள். பெட்டிக்குள் இருந்த வண்ணத் தாளை விரித்து வைத்துக்கொண்டாள். எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஓரத்துக்கு மஞ்சள் டேப் ஒட்டி, அடிப்பகுதியில் இருந்த கறுப்புக் கட்டங்களை முதலில் அடித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். டேப்பை உரித்ததும் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு விழுந்திருந்தது. அவர் தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம்கூட நன்றாக வந்தது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. முதல் அடுக்கின் நடுவே, நெளித் தகரம் போல வரிவரியாக ஒரு பட்டை சுற்றி ஓடும். தாளில் அது முழுக்கக் கறுப்பு. அதன் ஓரத்தில் அவள் டேப் ஒட்டியதும் அவர் "சரி, சரி" என்று முனக ஆரம்பித்தார். பிரஷைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டார். களைப்பு என்று நினைத்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, அவள் ஒரு பூச்சு அடித்தாள். மறுநாள் அதைப் பார்த்ததும் நகத்தால் பிராண்டினார். இன்று இரண்டாவது பூச்சுக்கு மூடியைத் திறந்து வைத்தாள். பாட்டில் பறந்தது.

கழுவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தபோது, புருவத்தில் ரத்தமும் கறுப்பும் கலந்து இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் கேட்டால் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மகன் வந்து, பார்த்த மாத்திரத்தில் கேட்டான். அவள் சொன்னாள்.

"அலமாரிக் கதவு கறுப்புப் பெயின்ட்டா அடிச்சிருக்கு?" என்றான்.

அவன் லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் மெக்கானிக். பக்கத்து ஊரில் வேலை. வாரக் கடைசியில் வந்து, அப்பாவை முதுகில் ஏற்றி மூன்று மாடி இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மறுபடி மூன்று மாடி ஏற்றி விட்டுவிட்டுப் போவான். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறேன், என் அப்பாவுக்கு நானே லிஃப்ட்" என்று ஆரம்பத்தில் வேடிக்கையாகச் சொல்லுவான். இப்போது சொல்வதில்லை.

பையிலிருந்து ஒரு வண்ணப் பிரசுரத்தை எடுத்து மேஜையில் போட்டான். ஒரு பராமரிப்பு இல்லத்தின் படங்கள்.

"நாலாவது மாடியில இடம் இருக்கும்மா. புத்தி தடுமாறினவங்களுக்குன்னே தனியா வச்சிருக்காங்க. கதவு பூட்டியிருக்கும். யாரும் தெரியாம வெளியில போயிட முடியாது. இந்தச் சனிக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க."

"பூட்டி வைக்கிறதுக்கு அவர் என்ன திருடனா?"

"இன்னைக்கு பாட்டில். நாளைக்குக் கத்திரிக்கோல் அவர் கைக்கு எட்டினா? தையல் வேலைக்காரி வீட்டுல கத்திரிக்கோலுக்கா பஞ்சம்?"

"மெதுவா பேசுடா. அப்பா இங்கதான் இருக்கார்."

மகன் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தவில்லை.

"இவர் நம்ம அப்பா இல்லைம்மா. அப்பா விழுந்த அன்னைக்கே போயிட்டார். உடம்பை மட்டும் வச்சுக் காப்பாத்திட்டிருக்கோம். இவருக்கு ஒண்ணும் புரியலை. புரியாம இருக்கிறதே ஒரு வகையில நல்லது."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கல்நெஞ்சுக்காரன் இல்லை. தாங்க முடியாமல் பேசினான்.

"சரி" என்றார் அப்பா.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ராக்கெட்டைப் பார்த்தால்தானே ஆவேசம் வருகிறது? கண்ணில் படாமல் போனால் அடங்கிவிடுவார். அடங்கிவிட்டால் மகனிடம் பேசிப் பார்க்கலாம். ராக்கெட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை. மாடல் கட்டும் வேறொருவருக்குக் கொடுப்பதென்றால், அவளுக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான்.

அவரைப் பூதக்கண்ணாடி என்று சொல்வார்கள். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் மாடலைப் பார்த்தாலும் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குற்றம் கண்டுபிடிப்பார். பல்செட்காரரும் அவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். ராக்கெட்டின் மேல்பகுதியில், வீரர்கள் உட்காரும் கூம்புக்குக் கீழே வெள்ளி நிறத்தில் ஓர் உருளை வரும். அது கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமா, மங்கலாக இருக்க வேண்டுமா என்று ஒரு நாள் வாக்குவாதம் வந்தது. வார்த்தை தடித்தது. அதோடு பேச்சு நின்றது. ஆஸ்பத்திரிக்குக்கூட அவர் வரவில்லை.

அவள் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "வர்றேன் தங்கச்சி" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் மூச்சு வாங்க நின்றார். "மகன் லிஃப்ட் மெக்கானிக். வீடு மூணாவது மாடி. நல்ல குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், நாற்காலியில் ஒருக்களித்துக் கிடந்த நண்பரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"யோவ் பல்லு."

"சரி."

"என்னய்யா சரி? தப்புன்னு சொல்லு. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

பல்செட்காரரின் வாயோரம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. பூதக்கண்ணாடி முகத்தைத் திருப்பி, ராக்கெட் பக்கம் போனார். கால் மடக்கி உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அடியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கோடு அருமையா விழுந்திருக்கு. டேப் ஒட்டினது யாரு?"

"நான்தான் அண்ணா."

"கை பேசுது. என் மாடல்ல இந்த ஓரம் எல்லாம் எலி கடிச்ச மாதிரி இருக்கும்." கண்ணாடி மேலே ஏறியது. நடுவில் நின்றது. "தங்கச்சி, இந்த நடுப்பட்டையை ஏன் கறுப்பு ஆக்கினீங்க?"

"தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு?"

"தாள்ல போட்டிருக்கும். தாளே தப்பு."

அவளுக்கு விளங்கவில்லை. பூதக்கண்ணாடி தரையில் நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பட்டைக்கு மேல ஆக்சிஜன் தொட்டி, கீழ மண்ணெண்ணெய்த் தொட்டி. ரெண்டையும் சேர்க்கிற இடம் இது. நிஜ ராக்கெட் வர்றதுக்கு முன்னாடி, ஏவுதளத்துல குழாய் எட்டுதா, கம்பி பொருந்துதா, மேடை எங்கேயாவது இடிக்குதான்னு பார்க்க, முழு அளவுல ஒண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினாங்க. அது பறக்கிறதுக்குச் செஞ்சது இல்லை. அளவு பார்த்துட்டுப் பிரிச்சுட்டாங்க. அதுல இந்தப் பட்டை கறுப்பு. வெயில் பட்டு உள்ள சூடு ஏறுதுன்னு, பறந்த ராக்கெட்ல எல்லாம் வெள்ளையாக்கிட்டாங்க. ஆனா இந்த மாடல் பெட்டி போடுற கம்பெனிகள்ல சில பேர் அந்தப் பழைய படத்தைப் பார்த்தே வரைஞ்சுட்டாங்க. மாடல் கட்டுற எங்க ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்தக் குழியில ஒரு தடவை விழுந்தவங்கதான். நானும் விழுந்தேன்."

"இவருக்கு இது தெரியுமா?"

"தெரியுமாவா? என்னைக் குழியிலேர்ந்து தூக்கினதே இந்த ஆள்தானே. தூக்கினான்னா சும்மா தூக்கலை. 'உன் ராக்கெட் தரையை விட்டே கிளம்பாதுய்யா'ன்னு எங்க மாடல் சங்கத்துல நாலு பேர் முன்னாடி சொன்னான். நாக்குல விஷம்."

அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள்.

அடிப்பகுதிக் கட்டங்களுக்கு அவர் தலையாட்டினார். டேப் இந்தப் பட்டைக்கு வந்தபோதுதான் முனகினார். பிரஷைத் தட்டினார். பிராண்டினார். அவள் திரும்பத் திரும்ப அதையே செய்யவும் எறிந்தார். வேறு எதன் மீதும், வேறு எப்போதும், அவர் கை ஓங்கவே இல்லை.

நாற்காலி முன்னால் போய் மண்டியிட்டாள்.

"என்னங்க. இது வெள்ளையா இருக்கணும்னுதான் சொன்னீங்களா? இவ்வளவு நாளும் அதைத்தான் சொன்னீங்களா?"

"சரி" என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து, உணர்ச்சியில்லாத வலது கன்னத்தில் இறங்கியது. துடைக்க இடது கையைத் தூக்கினார். அதற்குள் அவள் துடைத்தாள்.

மறுநாள் இல்லத்துக்குப் போக லீவு போட்டு வந்து, உள் அறையில் அப்பாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மகன் வாசற்படியில் வந்து நின்றிருந்தான்.

"அம்மா, ஆசைப்படாதே. தற்செயலா இருக்கும். கறுப்பு கண்ணை உறுத்தியிருக்கும். டாக்டர் காட்டின ஒரு படத்துக்குக்கூட அவரால பதில் சொல்ல முடியலை, நீயே பார்த்தே."

"வாயால சொல்லச் சொன்னாங்க. வாய்தான் இல்லையே அவருக்கு."

"அப்ப கையால சொல்லட்டும்" என்றான் மகன். குரலில் கோபமும் இருந்தது, வேண்டுதலும் இருந்தது.

ராக்கெட் பெட்டியைக் கிளறி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். பாதித் தீக்குச்சி நீளத்தில் எட்டுத் துண்டுகள். இரண்டாவது அடுக்கின் அடியில் சுற்றி ஒட்ட வேண்டிய குட்டி மோட்டார்கள் அவை. அடுக்கு பிரியும் நேரத்தில் ஒரு சின்னத் தள்ளு கொடுத்து, எரிபொருள் தொட்டியின் அடியில் படியச் செய்பவை என்று பூதக்கண்ணாடி சொன்னார். நாற்காலியின் குறுக்குப் பலகையில் மகன் எட்டையும் வரிசையாக வைத்தான்.

"அப்பா, இதுல ஒட்ட வேண்டியதைக் கிட்ட இழுங்க. வேண்டாததைத் தள்ளுங்க."

பல்செட்காரர் வெகு நேரம் பார்த்தார். யாரும் நகரவில்லை. பிறகு இடது கை ஆட்காட்டி விரல் வந்தது. ஒரு துண்டை நெஞ்சுப் பக்கம் இழுத்தது. அடுத்ததை அப்பால் தள்ளியது. ஒன்று விட்டு ஒன்று. கடைசியில் நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.

மகன் பெருமூச்சு விட்டான். "எட்டும் ஒரே மாதிரித் துண்டு மாமா. பெட்டியில எட்டு, தாள்ல எட்டு. இவர் பாட்டுக்குப் பாதியைத் தள்ளுறார். பார்த்தீங்கல்ல?"

பூதக்கண்ணாடியும் எட்டு என்றுதான் நினைத்திருந்தார். அவர் முகமும் விழுந்துவிட்டது. எழுந்திருக்கப் போனவர், பாதியில் நின்றார்.

"இரு. இரு தம்பி."

அலமாரியில் பல்செட்காரர் சேர்த்து வைத்திருந்த ஏவுதளப் புகைப்படங்களை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். கண்ணாடியை ஒட்ட வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிக்கெட் பரிசோதகர் கள்ளச் சீட்டைப் பார்க்கும் நிதானம். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆரம்பத்துல பறந்ததுக்கெல்லாம் எட்டு. அப்புறம் நாலாக் குறைச்சிருக்காங்க. கடைசியில போனதுகளுக்கு ஒண்ணுகூட இல்லை. இந்தப் பயணத்துக்கு நாலுதான்." தலையைத் தடவிக்கொண்டார். "என் வீட்டு அலமாரியில இதே ராக்கெட் எட்டோட நிக்குது. எத்தனை தடவை வந்து பார்த்தான், ஒரு வார்த்தை சொல்லலை. படுபாவி, எனக்காக விட்டு வச்சிருக்கான்."

சிரிக்க ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மகன் பலகையில் கிடந்த நாலு துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்குப் புரிகிறது. இன்று மட்டும் புரிவது இல்லை. விழுந்த அன்று முதல் எல்லாமே புரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவர் தலைமாட்டில் நின்று பேசியது. மாடிப்படியில் முதுகில் சுமந்தபடி போனில் யாரிடமோ அலுத்துக்கொண்டது. போயிட்டார், உடம்பு மட்டும்தான் என்று சொன்னது. பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னது. ஒரு சொல்கூட விடாமல் அவர் காதில் விழுந்து, பதில் சொல்ல வழியில்லாமல் உள்ளேயே தங்கியிருக்கிறது.

"அப்பா" என்றான்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது தெளிவான கோபம். ஒரு தகப்பன் மகன் மேல் கொள்ளும் கோபம். அதைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அவர் திரும்பும் வரை எழுந்திருக்கவில்லை. அவரும் சீக்கிரம் திரும்பவில்லை. அம்மா சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். டீ ஆறிப் போனது. பிறகு பல்செட்காரர் மெல்லத் தலையைத் திருப்பி, மகனின் டம்ளரை விரலால் அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான். எழுந்து போய்ப் பிரசுரத்தை எடுத்துவந்து, துண்டுகள் இருந்த பலகையில் வைத்தான்.

"உங்களைக் கேட்காம முடிவு பண்ணினேன். இப்பக் கேட்கிறேன்."

"இதுல கேட்க என்னடா இருக்கு?" என்றாள் அவள். "தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாரு."

பல்செட்காரர் பிரசுரத்தைக் கட்டைவிரலால் திறந்தார். நாலாவது மாடிப் படம் வந்தது. அதை ஒரே தள்ளாகத் தள்ளினார். பிரசுரம் கீழே விழுந்தது. அவள், "பார்த்தியா?" என்று சொல்லி அதை எடுத்துக் கிழிக்கப் போனாள். அவர் கையை நீட்டினார். திரும்ப வேண்டும் என்றது கை. அவள் தயங்கிக் கொடுத்தாள். அவர் வேறொரு பக்கத்தைப் புரட்டினார். தரைத்தளம். பெரிய கூடம், இடுப்பு உயரத்தில் இரண்டு கம்பிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகும் மனிதர்கள். அந்தப் பக்கத்தை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"விளையாடாதீங்க" என்றாள். குரல் மாறிவிட்டது. பிரசுரத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அவர் மறுமுனையை விடவில்லை. ஒற்றைக் கையிலும் பல்செட்காரர் பிடி உடும்புப்பிடியாக இருந்தது.

"நான் ஒருத்தி இருக்கும்போது நீங்க எதுக்கு அங்க போகணும்?"

அவர் பிரசுரத்தை மடியில் போட்டுவிட்டு, அவள் புருவத்துப் பிளாஸ்திரியைத் தொட்டார். பிறகு அவள் இடுப்பைக் காட்டினார். அவரைத் தூக்கித் தூக்கி அங்கே பிடித்திருந்த வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லை. நான் தூக்குறேன், உங்களுக்கென்ன?"

"சரி."

"என்ன சரி? நான் பேசுறேன், நீங்க பாட்டுக்கு உங்க பிடியிலேயே நில்லுங்க. என்னைக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கீங்க? பெண் பார்க்க வந்த அன்னைக்கே இந்த ஆள் பிடிவாதக்காரர்னு எங்க அக்கா சொன்னா. நான் கேட்கலை."

"சரி."

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க."

"புருஷன் பெண்டாட்டி சண்டையில நடுவுல போனவன் முழுசாத் திரும்பினதில்லை, தங்கச்சி" என்றார் பூதக்கண்ணாடி ஜன்னலைப் பார்த்தபடியே.

மகன் இருவரையும் பார்த்தான். அவர் விழுந்த நாளிலிருந்து அம்மா அவரிடம் கொஞ்சியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், ஊட்டியிருக்கிறாள். சண்டை போட்டதில்லை. இப்போது இருவரும் சரிக்குச் சரியாக நின்றார்கள்.

கடைசியில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். அவர் இடது கை அவள் தலைமேல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரசுரத்தை எடுத்தாள். பார்வையாளர் நேரம் எங்கே போட்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

மகன் அன்று மாலையே இல்லத்துக்குப் பேசினான். நாலாவது மாடி வேண்டாம், தரைத்தளம்தான் என்று சொன்னான். அதற்கு அடுத்த வாரம்தான் இடம் என்றார்கள்.

அந்த இடைப்பட்ட நாட்களில் அவள் பட்டையைத் திரும்ப அடித்தாள். மேஜையில் மூன்று வெள்ளை பாட்டில்கள் இருந்தன. அவள் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். அவர் இரண்டைத் தள்ளி ஒன்றை இழுத்துக்கொண்டார். டேப் ஒட்டினாள், அடித்தாள். காய்ந்ததும் உள்ளே இருந்த கறுப்பு சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் எட்டிப் பார்த்தது. ஒரு கறுப்பை மறைக்க வெள்ளை எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பூச்சுக்கும் அவர் விரலைத் தூக்கி, நிறுத்து, இன்னும் கொஞ்சம், போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் வழக்கப்படி சரி சரி என்றது. அதை அவள் காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டாள்.

இல்லத்துக்குப் போன அன்று நல்ல வெயில். மகன் அப்பாவை முதுகில் சுமந்து இறக்கினான். இறக்கும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும், "வலிக்குதாப்பா?" என்று கேட்டான். தோளில் ஒரு தட்டு விழுந்தால் நின்றான். தட்டாவிட்டால் போனான்.

வரவேற்பு மேஜையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். வேலை மும்முரத்தில் நிமிராமலேயே மகனிடம் கேட்டாள்.

"பேஷன்ட்டுக்கு நாம சொல்றது புரியுமா? சத்தம் போடுவாரா? எதையாவது எடுத்து எறியிற பழக்கம் உண்டா?"

அம்மாவின் கை தன்னையறியாமல் புருவத்துக்குப் போய்த் திரும்பியது. மகன் அதைப் பார்த்தான்.

"அவரைக் கேளுங்க" என்றான்.

பெண் நிமிர்ந்தாள். "இல்ல சார், பேச்சு இல்லைன்னு போன்ல நீங்கதானே..."

"வாயில என்ன வந்தாலும் சரின்னுதான் வரும். அதை விட்டுடுங்க. கையைப் பாருங்க. வேணும்னா இழுப்பார், வேணாம்னா தள்ளுவார். கொஞ்சம் நேரம் கொடுக்கணும். அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துச் சக்கர நாற்காலிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணுக்கு நேராக அவள் கண் வந்தது. கட்டிலோர அலமாரிச் சாவிகள் இரண்டை அவர் முன்னால் பலகையில் வைத்தாள்.

"சார், ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியா இருக்கு. வெளிச்சம் நல்லா வரும், ஆனா ரோட்டுச் சத்தம் கேட்கும். அதுக்கு இந்தச் சாவி. உள்பக்கம் ஒண்ணு இருக்கு, சத்தம் இருக்காது. அதுக்கு அந்தச் சாவி. உங்களுக்கு எது வேணும்?"

பல்செட்காரர் இரண்டு சாவிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். மனைவி பேச வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். மகன் நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை.